நடத்தை: திருப்திகரமாக இல்லை

ரொம்ப சந்தோஷம் தம்பி. நீங்க எழுந்து இடம் குடுக்கலன்னா காஞ்சிபுரம் வரைக்கும் நான் தள்ளாடிக்கிட்டேதான் வந்திருப்பேன். வலது கை மேல போகாது. தோள்பட்டை இறுகிடுச்சு. சுகர் இருக்கறவங்களுக்கு வருமாம், டாக்டர் சொன்னாரு. கம்பியைப் பிடிக்க முடியறதில்ல. ஆனா நீங்களும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என் கண்ணெதிர்ல நிக்காதீங்க, தப்பா நெனைக்காதீங்க. கையைக் கீழ எறக்கிடுங்க. சீட்டைப் பிடிச்சுக்கோங்க. ஆங், அப்படித்தான். இந்தா பாருங்க, அந்தம்மா எறங்கறாங்க. உக்காருங்க, உக்காருங்க.

கையில என்ன, ஸ்கூல் நோட்டீஸா? பொண்ணுக்கா? ஆறாவதா? நல்லது. குடுங்க பார்ப்போம். ஒண்ணு கொரியா முறைக் கல்வி, இன்னொண்ணு அமெரிக்க முறைக் கல்வி. அடேயப்பா. ஒரகடம் பக்கம் கம்பெனி வந்தாலும் வந்துச்சு, நம்ம முறைன்னு ஒண்ணு இருந்ததே ஜனங்களுக்கு மறந்துபோச்சு. எது நல்லதுன்னு என்னைக் கேக்கறீங்க. சரியான ஆளைத்தான் கேட்டீங்க போங்க. ரெண்டு முறையிலயும் வேலை பார்த்தவன் நான். அதுவும் ஒரே ஸ்கூல்ல. பேரு பக்தவச்சலம். பதினோரு வருஷம் டிசிப்ளின் இன்சார்ஜ். போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன்.

ஸ்கூல் பேரு வேணாம். நல்ல ஸ்கூல்தான். கம்பெனிக்கு வந்த கொரியாக்காரங்க பிள்ளைங்களும், அதே கம்பெனியில வேலை செய்யற நம்ம ஆளுங்க பிள்ளைங்களும் ஒண்ணா படிப்பாங்க. மொதல்ல அதை நடத்தினவரு ஹான் சார்னு ஒரு கொரியாக்காரர். அவர் ஊருக்குப் போன பிறகு வந்தவங்க டெனிஸ் மேடம், அமெரிக்கா. ரெண்டு பேருக்கும் வலது கை நான்தான்.

ஹான் சார் முறை என்னன்னா, கிளாஸைப் பிள்ளைங்களே பெருக்கணும். எம்.டி. பையனா இருந்தாலும் சரி, கேன்டீன் அம்மா பொண்ணா இருந்தாலும் சரி, துடைப்பம் ஒண்ணுதான். வாத்தியாரைப் பார்த்தா குனிஞ்சு வணக்கம். ஆஹா, நமக்கு வாய்ச்ச ஆளுய்யான்னு நெனைச்சேன். வாலாஜாபாத்ல நான் முன்னாடி வேலை பார்த்த ஸ்கூல்ல கையில பிரம்பு இல்லாம நான் நடந்ததே கிடையாது. இங்க பிரம்பு கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாரு. அவங்க ஊர்லயும் இப்போ சட்டப்படி அடிக்கக் கூடாதாம். அவர் படிக்கற காலத்துல அடிதான். பையை ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மணிக்கணக்கா நின்னிருக்காராம். அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. கை நடுங்கி நடுங்கி, அப்புறம் கையே இல்லாத மாதிரி ஆயிடுமாம்.

நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். அடிக்கத்தானே கூடாது? கையைத் தூக்கிட்டு நில்லுன்னா அடியா அது? ஒரு தடவை பார்த்துட்டு ஹான் சார் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "நாங்களே விட்டுட்டோம் சார்"ன்னாரு. சரின்னு அவர் இருக்கற பில்டிங் பக்கம் மட்டும் நிறுத்திட்டேன்.

ஆனா ஹான் சார் சொல்லிக்குடுத்த இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லியே ஆகணும். அவங்க ஊர்ல கிளாஸ் லீடருக்கு பான்ஜாங்னு பேரு. நம்ம ஊரு லீடர் மாதிரி பேசறவன் பேரைப் போர்டுல எழுதிப் போட்டுட்டு மிட்டாய் வாங்கித் திங்கற வேலை இல்ல அது. கிளாஸ்ல எவன் தப்பு பண்ணினாலும் பான்ஜாங் எழுந்து முன்னாடி வந்து, "தப்பு என்னோடது"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். யாரு என்னன்னு வாத்தியார் கேக்கவே மாட்டாரு. லீடர் தலை குனிஞ்சு நிக்கறதைப் பார்த்துட்டு, தப்பு பண்ணினவன் சோறு எறங்காம தவிச்சு, மறுநாள் தானா வந்து ஒத்துக்குவான். ஹான் சார் இருந்த அஞ்சு வருஷத்துல ஒரு தடவை கூட வராம இருந்ததில்ல தம்பி. என் கண்ணால பார்த்தேன். கண்ணாடி உடைச்சவன் வந்தான், காப்பி அடிச்சவ வந்தா. எல்லாரும் அழுதுக்கிட்டே வந்தாங்க.

அப்புறம் அவரை ஊருக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. டெனிஸ் மேடம் வந்தாங்க.

அவங்க முறை வேற. சத்தமே இருக்காது. பிள்ளைங்க முன்னாடி முட்டி போட்டு உக்காந்து கண்ணுக்குக் கண்ணு பார்த்துப் பேசுவாங்க. "உனக்கு எப்படி இருக்கு? ஏன் கோவம் வந்தது?" எனக்குச் சிரிப்பு தாங்காது. ஆனா பேச்சு ஒரு பக்கம், பேப்பர் ஒரு பக்கம். எல்லாத்துக்கும் ஒரு அச்சடிச்ச பாரம். என்ன நடந்ததுன்னு பிள்ளை தன் கையால எழுதிக் கையெழுத்து போடணும். சின்னத் தப்புக்கு ஒரு வரிசை, பெரிய தப்புக்கு ஒரு வரிசை, எதுக்கு என்ன தண்டனைன்னு புத்தகமே போட்டுட்டாங்க. அதுல இருந்தா இருக்கு, அவ்வளவுதான். முகம் பார்க்கறது கிடையாது. பத்து நாளைக்குள்ள அப்பா அம்மா மேல்முறையீடு பண்ணலாம், அதுக்கும் பாரம் உண்டு. ரொம்ப நியாயமான பொம்பளை. அவங்க ஊர்ல இன்னும் சில ஸ்கூல்ல மரப்பலகையால பின்னாடி அடிப்பாங்களாம். அப்பா அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு அடிப்பாங்களாம்! அவங்களே அந்த அடி வாங்கியிருக்காங்க. அதனாலதான் என் ஸ்கூல்ல எவன் கையும் எந்தக் குழந்தை மேலயும் படக் கூடாதுன்னாங்க. படலையே. சாமி சத்தியமா ஒரு பிள்ளையையும் நான் தொட்டதில்ல.

நிறைமதியையும் தொட்டதில்ல.

நிறைமதி யாருன்னா, ஒன்பதாம் கிளாஸ் லீடர். அவங்க அம்மா கோமளா கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. அப்பா இல்ல. கம்பெனி கோட்டாவுல சீட்டு. என்ன பொண்ணு தெரியுமா! ஹான் சார் கையால லீடர் பேட்ஜ் வாங்கினது. கிளாஸ்ல ஒரு கொரியாப் பொண்ணு, சூபின்னு பேரு, ரெண்டும் ஒட்டிக்கிட்டே திரியும். இவ டப்பாவுல இருக்கற எலுமிச்சம் சாதத்தை அவ தின்னுவா. அவ கொண்டு வர்ற கடல்பாசி ரோலை இவ மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தின்னுவா.

அந்த வருஷம் கணக்குக் கேள்வித்தாள் வெளியே போயிடுச்சு. பரீட்சைக்கு மொத நாள். யாரோ போன்ல படம் எடுத்து, பாதி கிளாஸ் கையில அது இருந்திருக்கு. பேப்பர் ஸ்டாஃப் ரூம் பீரோவுல இருந்தது. பீரோ சாவி இன்சார்ஜ்கிட்ட இருக்கும். ஆமா, நான்தான். பத்து நிமிஷம் டீ குடிக்கப் போயிருப்பேன். மனுஷன் டீ குடிக்காம இருக்க முடியுமா?

டெனிஸ் மேடம் மூஞ்சி வெளுத்துப் போச்சு. இது பெரிய தப்பு வரிசை. யாருன்னு கண்டுபிடிங்க மிஸ்டர் பக்தான்னாங்க. நான் ஒன்பதாம் கிளாஸுக்குள்ள போய் நின்னேன். ஒரு சத்தம்தான் போட்டேன். யாருடான்னு.

நிறைமதி எழுந்து முன்னாடி வந்துச்சு. தலையைக் குனிஞ்சுச்சு. "தப்பு என்னோடது சார்"ன்னுச்சு.

புரியுதா தம்பி? அது ஹான் சார் முறை. அந்தப் பொண்ணு லீடர் சொல்ல வேண்டியதைச் சொல்லுச்சு. கிளாஸ்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாம என்ன? அஞ்சு வருஷம் பார்த்தவன். ஆனா ஹான் சார் இல்லையே, தப்பு பண்ணினவ தானா வர்ற வரைக்கும் காத்திருக்க மேடம் விடுவாங்களா? யாருன்னு சொல்லுன்னேன். "தப்பு என்னோடது சார்." யாருடீன்னேன். அதையேதான் சொல்லுச்சு. கோவம் வந்துடுச்சு. வராண்டாவுல கையைத் தூக்கிட்டு நில்லுன்னேன். மூணு பீரியட் நின்னுச்சு. நான் போற வர்றப்போ எல்லாம் பார்ப்பேன். ஒரு தடவை கூட கையை எறக்கல. கிளாஸ் கதவையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. யாராவது எழுந்து வருவாங்கன்னு பார்த்திருக்கும்.

யாரும் வரல.

அப்புறம் பாரத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். என்ன சொன்னியோ அதையே எழுதும்மான்னேன். கை நடுங்கி எழுத்து கோணல் கோணலா வந்துச்சு. ரெண்டு தடவை கிழிச்சுப் போட்டு மறுபடி எழுத வெச்சேன், மேடம் கைக்குப் போற பேப்பர் இல்லையா. "தப்பு என்னோடது. மன்னிக்கவும்." இங்கிலீஷ்ல. கீழ கையெழுத்து.

டெனிஸ் மேடம் அதைப் படிச்சாங்க. "இந்தப் பொண்ணா?"ன்னாங்க. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒத்துக்கிட்டாளா?"ன்னாங்க. எஸ் மேடம்னேன். "எனக்குத் தெரிய வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"ன்னாங்க.

இல்ல மேடம்னு சொன்னேன்.

பொய் சொல்லலையே தம்பி? அது கேட்டதுக்கு நேரா பதில். ஒத்துக்கிட்டாளான்னா ஒத்துக்கிட்டா. எந்த முறையில ஒத்துக்கிட்டான்னு அவங்க கேக்கலையே. ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் பேப்பரைக் கொண்டு போனேன், அவ்வளவுதான் என் வேலை. நடுவுல எட்டு அடி வராண்டா.

மேடம் அழுதாங்க. பொண்ணுக்கு டிஷ்யூ குடுத்தாங்க, தண்ணி குடுத்தாங்க. அழுதுக்கிட்டே டி.சி.யும் குடுத்தாங்க. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. மாணவியின் நடத்தைன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல திருப்திகரமாக இல்லைன்னு எழுதணும். என் கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னைத்தான் எழுதச் சொன்னாங்க.

கோமளா அம்மா வந்தாங்க. மேல்முறையீட்டுப் பாரம் அவங்க கையில இருக்கு, நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். "சார், இதுல எங்க கையெழுத்து போடணும்னு சொல்லுங்க, போட்டுடறேன். பாப்பா எதுவும் பேச மாட்டேங்குது சார். உங்களுக்குத் தெரியும்தானே சார் எம் பொண்ணை"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பாத்திரம் தேய்ச்ச கை, சொரசொரன்னு இருந்துச்சு. நாள் முடிஞ்சுபோச்சும்மான்னு சொல்லிட்டேன்.

எட்டாம் நாள்தான் அன்னிக்கு. சரியா ஞாபகம் இல்லாம சொல்லிட்டேன். இல்ல, ஞாபகம் இருந்துச்சு. பீரோ விஷயத்தைக் கிளறுவாங்கன்னு ஒரு பயம். எனக்கும் ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நின்னுக்கிட்டிருந்த நேரம் அது. யாரா இருந்தாலும் அப்படித்தானே சொல்லியிருப்பாங்க? நீங்க சொல்லுங்க. சரி விடுங்க, நீங்க என்ன சொல்வீங்க.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணை எந்த பிரைவேட் ஸ்கூல்லயும் சேர்க்கல. கவர்ன்மென்ட் ஸ்கூல்ல இடம் குடுத்தாங்க, பாவம். ஆனா அங்க ஹெச்.எம். டி.சி.யைத் திறந்து படிச்சதுமே இந்தப் பொண்ணு தானாவே வெளியே போய் நின்னுக்கிச்சாம். நாலு நாள் போச்சு, அப்புறம் போகல. பதினெட்டு ஆனதும் செல்போன் கம்பெனியில வேலை. நீல கோட்டு போட்டுக்கிட்டு கம்பெனி பஸ்ல போகும். ரெண்டு மூணு தடவை பார்த்தேன். பஸ் ஜன்னல்ல அது மூஞ்சி. என்னைப் பார்த்துச்சா இல்லையா தெரியல.

பார்க்காத எடத்துலயும் பார்க்கறேன், அதுதான் பிரச்னை. சிரிக்காதீங்க. மொட்டை மாடியில எங்க வீட்டுக்காரி சட்டை காயப்போடுவா, ரெண்டு கையையும் கொடியில கிளிப் போட்டு. பட்டப்பகல்ல எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஏண்டி, மடிச்சுப் போட மாட்டியான்னு கத்துவேன். பித்துப் பிடிச்சுப் போச்சு உங்களுக்குன்னு அவ திட்டுவா. கோயில்ல ஜனங்க ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டா நான் தூணைப் பார்த்துத் திரும்பிக்குவேன். வரதராஜர் கோயிலுக்குப் போயே ரெண்டு வருஷம் ஆச்சு. உள்ளூர்ல இருந்துக்கிட்டு.

ராஜகுளம் தாண்டிடுச்சா? இன்னும் கொஞ்ச நேரம்தான். கேளுங்க, இனிமேதான் விஷயம்.

ரெண்டு மாசம் முன்னாடி புது பிரின்சிபால் கூப்பிட்டனுப்பிச்சாங்க. வசுமதி மேடம், நம்ம ஊரு பொம்பளை, திருத்தணிப் பக்கம். கம்ப்யூட்டரைத் திருப்பி என் பக்கம் காமிச்சாங்க. சூபின் மெயில் போட்டிருக்கா. இப்போ அமெரிக்காவுல காலேஜ். அங்க கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க, உன் வாழ்க்கையில நீ செஞ்ச தப்பு ஒண்ணுன்னு. எழுதியிருக்கா, எழுதினதுக்கப்புறம் தூக்கம் வரலையாம், ஸ்கூலுக்கே அனுப்பிட்டா. படம் எடுத்தது அவதான். பயந்துபோய் எழுந்திரிக்கலையாம். நிறைமதிக்குத் தெரியுமாம், தெரிஞ்சுதான் நின்னாளாம். பீரோ திறந்திருந்தது, சாவி பூட்டுலயே தொங்கிக்கிட்டிருந்ததுன்னும் எழுதியிருக்கா. கட்டுரைக்கு நல்ல மார்க்கே போட்டிருப்பாங்க.

வசுமதி மேடம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் இன்னொரு பேப்பரை எடுத்தாங்க. கோமளா அம்மா போட்ட மனு. அந்தப் பொண்ணு வேலை பார்த்துக்கிட்டே பிரைவேட்டா பத்தாவது எழுதி, பன்னெண்டாவது எழுதி பாஸ் பண்ணியிருக்கு தம்பி. டீச்சர் டிரெய்னிங்ல சேரப் போகுதாம். டீச்சராம்! அதுக்கு கடைசியா ரெகுலரா படிச்ச ஸ்கூல்ல நன்னடத்தைச் சான்று கேக்கறாங்க. அது எங்க ஸ்கூல்தான். வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"அன்னிக்கு விசாரிச்சவர் நீங்க. நீங்க கையெழுத்து போட்டாத்தான் பழசை நான் ரத்து பண்ண முடியும் சார்"ன்னாங்க. மூணே வரி டைப் அடிச்சு வெச்சிருந்தாங்க. பீரோ பூட்டப்படல. மாணவி வகுப்புத் தலைவியாகப் பொறுப்பு ஏத்துக்கிட்டாளே தவிர குற்றத்தை ஒத்துக்கல. இது விசாரிச்ச எனக்கு அன்னிக்கே தெரியும். அந்த மூணாவது வரியைப் பார்த்ததும் யோசிச்சு சொல்றேம்மான்னு மடிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு மாசமா யோசிக்கறேன்.

இன்னிக்குப் புதன்கிழமை. காலையில ஒரு தெம்பு வந்துச்சு. நேரா அவங்க வீட்டுக்கே போய், அந்தப் பொண்ணு முன்னாடியே கையெழுத்து போட்டுக் கையில குடுத்துடலாம், ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுடலாம்னு கெளம்பினேன். சத்தியமா அதுக்குத்தான் போனேன் தம்பி. பேனா கூட ரெண்டு வெச்சுக்கிட்டேன், ஒண்ணு எழுதலன்னா இன்னொண்ணு ஆகும்னு. சுங்குவார்சத்திரத்துல ஒரு சந்துக்குள்ள, ரெண்டாவது மாடி. கோமளா அம்மா கதவைத் திறந்தாங்க. வாங்க சார்னாங்க, நாற்காலி போட்டாங்க, டீ குடுத்தாங்க. சர்டிபிகேட் விஷயமா சார்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். பாப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்துடும்னாங்க.

வந்துச்சு. நீலக் கோட்டு, கழுத்துல அடையாள அட்டை. உசரமாயிடுச்சு. என்னைப் பார்த்ததும் வாசப்படியிலயே நின்னுடுச்சு. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுச்சு. பேப்பர் சட்டைப் பையில இருக்கு. என்ன பேசணும்னு பஸ்ல வர்றப்போ பத்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன், ஒண்ணு கூட நெனப்பு வரல.

அதுக்குள்ள அது முன்னாடி வந்து நின்னு, தலையைக் குனிஞ்சுச்சு. "சாரி சார். தப்பு என்னோடது"ன்னுச்சு.

ஆறு வருஷம் கழிச்சு. எங்கிட்ட. சர்டிபிகேட் குடுக்க மாட்டேன்னு சொல்ல வந்திருக்கேன்னு நெனைச்சுக்கிச்சோ என்னமோ. இல்ல, ஆறு வருஷமா அதையே நம்பிடுச்சோ. எனக்குத் தெரியல தம்பி. அழுகை வந்திருக்கணும் எனக்கு. அது கால்ல விழுந்திருக்கணும் நான். ஆனா முப்பது வருஷமா பிள்ளைங்க தலை குனிஞ்சு நின்னா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிப் பழக்கம் எனக்கு. வாய் தானா தொறந்துக்கிச்சு. "சரி சரி, போ. இனிமே இப்படிப் பண்ணாதே"ன்னு சொல்லிட்டேன்.

"பண்ண மாட்டேன் சார். தேங்க்ஸ் சார்"ன்னுச்சு அந்தப் பொண்ணு. பேப்பர் இதோ, கையெழுத்து போடாம இன்னும் சட்டைப் பையிலயேதான் இருக்கு.